செப்டம்பரில் ஓட்டம் ஏன் திக்குகிறது? அமெரிக்கக் கால்பந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018-ல் டென்னசி டைட்டன்ஸ் அணியின் டெரிக் ஹென்றி முதல் 12 ஆட்டங்களில் பந்தோடு ஓடிச் சேர்த்தது 474 யார்டு. கடைசி 4 ஆட்டங்களில் மட்டும் 585 யார்டு. டிசம்பர் 6 அன்று ஜாக்சன்வில் அணிக்கு எதிராக ஒரே இரவில் 238 யார்டு, 4 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது). எதிராளிகளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே 99 யார்டு ஓடினாரே, அந்த ஓட்டமும் அன்றுதான்.

அதே மனிதர், அதே கால்கள். செப்டம்பரில் வராத ஓட்டம் டிசம்பரில் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பார்க்கும் நண்பர்களோடு பேசும்போது, ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தப் பேச்சு வரும். "நம்ம ரன்னிங் பேக் முடிஞ்சுபோயிட்டார்" என்று யாராவது சொல்வார்கள். ரன்னிங் பேக் என்றால் பந்தை வாங்கி ஓடுபவர். பல வருடங்களாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது: சீசன் தொடக்கத்தில் ஓட்டம் திக்கினால், காரணம் பெரும்பாலும் பந்தை வைத்திருப்பவரிடம் இல்லை. அவருக்கு முன்னால் நின்று வழி திறக்கும் ஐந்து லைன்மேன்கள் இன்னும் ஒன்றாக அசையப் பழகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் வருவதற்குள் அணிகளும் ரசிகர்களும் செய்கிற தவறுகள்தான் இழப்பைப் பெரிதாக்குகின்றன.

ஓடுபவரை மட்டும் குறை சொல்வது

2018-ன் தொடக்கத்தில் டைட்டன்ஸுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். மைக் வ்ரேபெல் அப்போதுதான் தலைமைப் பயிற்சியாளராக வந்திருந்தார். தாக்குதலைத் திட்டமிட வந்த மேட் லாஃப்ளூரும் அந்த அணிக்குப் புதியவர்; தன் ஓட்ட முறையையும் கூடவே கொண்டுவந்தார். லைனின் வலது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஜாக் கான்க்ளினுக்கு முந்தைய சீசனில் தசைநார் கிழிந்த முழங்கால் இன்னும் தயாராகவில்லை. முதல் ஆட்டம் மயாமியில். மின்னல் காரணமாக இரண்டு முறை நின்று, முடிய 7 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரே ஆட்டத்தில் இடது டேக்கிள் டெய்லர் லெவனுக்குத் தலையில் அடி, லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் டெலனி வாக்கருக்குக் கணுக்கால் முறிவு. வாக்கர் அந்த ஆண்டு திரும்பவே இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் வழக்கமான டேக்கிள்கள் இருவருமே இல்லாமல் இறங்கினார்கள்.

இத்தனையும் சேர்ந்த இடத்தில், "ஹென்றி பெரிய ஆள், ஆனால் வேகம் பத்தாது" என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் பங்கும் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் அவர் தயங்கித் தயங்கித்தான் காலெடுத்து வைத்தார். ஆனால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? பந்தை வாங்கிய கணமே எதிரணி ஆள் முகத்துக்கு முன்னால் நின்றால், யாருக்கும் தயக்கம் வரும். முன்னால் வழி திறக்கும் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் முழு வேகத்தில் பாய்வார்.

ஐந்து பேரின் பழக்கத்தைக் குறைத்து எடைபோடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். ஒரு சாதாரண ஓட்டத்தில் நடப்பது இது: கார்டும் டேக்கிளும் சேர்ந்து, எதிரே நிற்கும் 140 கிலோ தடுப்பாளரைத் தோளோடு தோள் ஒட்டி இடிக்கிறார்கள். அவர் ஓரடி பின்வாங்கியதும், இருவரில் ஒருவர் அவரை மற்றவரிடம் விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் எதிரணியின் லைன்பேக்கரைப் பிடிக்கப் போக வேண்டும். எப்போது விட்டுப் போவது? அரை அடி முன்னதாகப் போனால், அந்த 140 கிலோ ஆள் இடையில் புகுந்துவிடுவார். அரை அடி தாமதித்தால், லைன்பேக்கர் வந்து வழியை அடைத்துவிடுவார். யார் விட்டுப் போவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. லைன்பேக்கர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கண்ணால் பார்த்து, வாய் திறக்காமல், ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

கபடியில் இருவர் கை கோத்துச் சங்கிலி போட்டு ரைடரை மடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மட்டும் அவசரப்பட்டால் சங்கிலி அறுந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். ஆனால் ஒரே சமயத்தில் ஐந்து பேர், சில நேரம் டைட் எண்டோடு சேர்த்து ஆறு பேர் கோக்கும் சங்கிலி இது. தடுக்கும் பக்கத்தில் ஒருவர் தவறினால் இன்னொருவர் ஓடிவந்து சமாளிக்கலாம். தாக்கும் பக்கத்தில் ஒருவர் தவறினாலே அந்த ஓட்டம் அங்கேயே செத்துவிடும். சீசன் தொடக்கத்தில் தடுப்பணிகளின் கை ஓங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, இந்தப் பழக்கத்தை எங்கே பெறுவது? முழுக் கவசம் போட்டு உண்மையாக இடித்துப் பயிற்சி செய்தால்தான் வரும். ஆனால் அதற்கான வாய்ப்பு இப்போது குறைவு. 2011-ல் வீரர்கள் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரே நாளில் இரண்டு முறை கவசப் பயிற்சி என்ற பழைய வழக்கத்தை நிறுத்தியது. சீசன் ஓடும்போது மொத்தமே 14 கவசப் பயிற்சிகள்தான் என்றும் வரம்பு வைத்தது. 2020 ஒப்பந்தத்துக்குப் பின் ஆகஸ்ட் முகாமில் 16 நாட்களுக்கு மேல் கவசம் போட முடியாது. 2021-லிருந்து சீசனுக்கு முந்தைய ஆட்டங்களும் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டன. வீரர்களின் மூளையையும் மூட்டுகளையும் காப்பாற்றும் இந்த விதிகளை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் கவசமில்லாமலேயே பந்து வீசிப் பிடித்துப் பழகிக்கொள்வார்கள். லைன்மேன்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் விதி குறைத்த வாய்ப்பை அணியே இன்னும் குறைத்துக்கொள்ளக் கூடாது.

பல அணிகள் அதைத்தான் செய்கின்றன. காயம் பட்டுவிடுமோ என்று பயந்து, ஆகஸ்ட் ஆட்டங்களில் முதல் ஐவரையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். இதில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் நல்ல பாடம். 2018-ல் பயிற்சியாளர் ஷான் மெக்வே தன் முக்கிய வீரர்களை அந்த ஆட்டங்களில் இறக்கவே இல்லை. ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே டாட் கர்லி 108 யார்டு ஓடினார். அது எப்படி? அந்த லைனில் பெரும்பாலோர் முந்தைய ஆண்டு முழுக்க ஒன்றாக ஆடியவர்கள். அடுத்த ஆண்டு இடது கார்டு ராட்ஜர் சாஃபோல்டும் சென்டர் ஜான் சல்லிவனும் போய்விட்டார்கள். 2018-ல் 14 ஆட்டங்களில் 1,251 யார்டு ஓடிய கர்லி, 2019-ல் 15 ஆட்டங்களில் 857 யார்டுதான் ஓடினார். அவருடைய முழங்கால் பிரச்சினைக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் லைன் மேல் போட மாட்டேன். ஆனால் ஓய்வு கொடுப்பது என்பது பழகிய ஐவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். லைனில் இரண்டு பேர் புதியவர்கள் என்றாலும் அவர்களை ஆகஸ்டில் ஆட விட வேண்டும் என்பதே என் கருத்து. இல்லையென்றால் அந்தப் பயிற்சி, தோல்வி கணக்கில் ஏறும் செப்டம்பர் ஆட்டங்களில்தான் நடக்கும்.

இரண்டு ஆட்டத்தில் கைவிடுவது

முதல் பாதியில் எட்டு ஓட்டம், பதினைந்து யார்டு. உடனே பயிற்சியாளர் ஓட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, மீதி ஆட்டம் முழுக்க பந்தை வீச ஆரம்பிப்பார். அப்புறம் லைன் எப்படித்தான் பழகும்?

2024-ல் பால்டிமோர் ரேவன்ஸுக்கு ஹென்றி வந்தபோது, அந்த அணியின் ஐவரில் மூவர் அந்த இடங்களுக்குப் புதியவர்கள். கான்சஸ் சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்தில் 13 ஓட்டம், 46 யார்டு. தோல்வி. இரண்டாவது ஆட்டமும் தோல்வி, அதுவும் சொந்த ஊரில். ஆனால் ஹென்றியிடம் பந்து கொடுப்பது குறையவில்லை, கூடியது: 13, 18, 25, 24. மூன்றாவது ஆட்டத்தில் டல்லஸுக்கு எதிராக 151 யார்டு. நான்காவதில் பஃபலோவுக்கு எதிராக 199. சீசன் முடிவில் 1,921. முதல் வாரத்தை வைத்து முடிவெடுத்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது.

பயிற்சியாளருக்குப் பிடித்த முறையை ஆட்களின் மேல் திணிப்பது

பொறுமைக்கும் எல்லை உண்டு. ஓட்ட முறைகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் சாய்ந்து நகர்வார்கள். ஓடுபவர் எங்கே வழி திறக்கிறதோ அங்கே வெட்டித் திரும்புவார். இதற்கு வேகமான கால்கள் வேண்டும். இன்னொன்றில் ஓட வேண்டிய இடம் முன்பே முடிவாகியிருக்கும். ஒரு கார்டு பின்னால் சுற்றிவந்து அந்த இடத்தை உடைத்துத் திறப்பார். இதற்கு முரட்டு பலம் வேண்டும். உங்களிடம் இருக்கும் ஐவர் எந்த வகை என்று பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால், டிசம்பர் வரை காத்திருந்தாலும் ஓட்டம் வராது.

2019-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் இந்தச் சிக்கலில் மாட்டியது. பயிற்சியாளர் ஜாக் டெய்லருக்கு அது முதல் ஆண்டு. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த டேக்கிள் ஜோனா வில்லியம்ஸுக்கு ஜூன் மாதமே தோளில் அறுவை சிகிச்சை. கார்டு கிளின்ட் போலிங் ஜூலையில் ஓய்வு பெற்றுவிட்டார். ஜோ மிக்சன் முதல் ஆட்டத்தில் ஓடியது 10 யார்டு. எட்டு ஆட்டங்கள் முடிந்தபோது 320. அதன்பின் வந்த ஓய்வு வாரத்தில் பயிற்சியாளர்கள் உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தி, இருக்கிற ஆட்களுக்குச் சரிவரும் ஓட்டங்களுக்கு மாறினார்கள். அடுத்த ஆட்டத்தில் மிக்சனுக்கு 30 ஓட்டம், 114 யார்டு. கடைசி எட்டு ஆட்டங்களில் 817. அணி இரண்டே ஆட்டங்களில்தான் ஜெயித்தது, அது வேறு விஷயம்.

இங்கே மாற்றியது சரி. வாரத்துக்கொரு முறை மாற்றியிருந்தால் தவறாகியிருக்கும். செப்டம்பரிலேயே பன்னிரண்டு விதமான ஓட்டங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்றும் படியவில்லை என்று வருந்தும் அணிகளும் உண்டு. நான்கு ஓட்டங்களை நன்றாகக் கற்ற லைனே முதலில் தேறும்.

சம்பளப் பேச்சை ஆகஸ்ட் வரை இழுப்பது

ரன்னிங் பேக்கின் தொழில் வாழ்க்கை மிகக் குறுகியது. அவர் நியாயமான சம்பளம் கேட்டு முகாமுக்கு வராமல் இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சை அந்த நாள் வரை இழுக்கும் நிர்வாகத்தைத்தான் சொல்வேன். 2009-ல் 2,006 யார்டு ஓடிய டைட்டன்ஸின் கிரிஸ் ஜான்சன், 2011-ல் முகாமைத் தவிர்த்து செப்டம்பர் தொடக்கத்தில்தான் ஒப்பந்தம் போட்டார். முதல் மூன்று ஆட்டங்களில் 24, 53, 21 யார்டு. 2022-ல் 1,653 யார்டோடு லீகிலேயே முதலிடம் பிடித்த ஜாஷ் ஜேக்கப்ஸ், 2023 முகாமுக்கு வரவில்லை. பஃபலோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 9 முறை ஓடி, இருந்த இடத்துக்கும் 2 யார்டு பின்னால் போனார். 2017-ல் முகாமைத் தவிர்த்த பிட்ஸ்பர்கின் லெவியான் பெல் முதல் ஆட்டத்தில் 32, நான்காவதில் 144. உடம்பு ஓடத் தயாராக இருந்தாலும், தன் லைன்மேன்களின் தாளம் கண்ணுக்குப் பிடிபட மூன்று நான்கு வாரம் ஆகிறது.

வீச்சை மறந்துவிடுவது

பந்தை வீசிக் காயப்படுத்தத் தெரியாத அணிக்கு எதிராக, தடுப்பணி எட்டுப் பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஐந்து லைன்மேன்களும் ஒரு டைட் எண்டும் சேர்ந்தாலும் எட்டுப் பேரைத் தடுக்க முடியாது. 2019-ல் டைட்டன்ஸ் மறுபடியும் தடுமாறித்தான் தொடங்கியது: முதல் ஆறு ஆட்டங்களில் 2 வெற்றி, 4 தோல்வி. லெவன் முதல் நான்கு ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தார். அப்புறம் குவார்ட்டர்பேக் இடத்துக்கு மார்கஸ் மரியோட்டாவுக்குப் பதிலாக ரயன் டேனஹில் வந்தார். வீச்சுக்குப் பயந்து தடுப்பணி பின்வாங்க, ஹென்றிக்கு வழி கிடைத்தது. அந்த லைனில் இடது கார்டாக இருந்தவர், ராம்ஸிலிருந்து வந்த அதே சாஃபோல்ட்.

சராசரியை மட்டும் பார்ப்பது

கடைசியாக, நாம் செய்யும் தவறு. பஃபலோவுக்கு எதிரான அந்த 199 யார்டில் 87 யார்டு ஒரே ஓட்டத்தில் வந்தது. அதை எடுத்துவிட்டால் மீதி 23 ஓட்டங்களில் 112 யார்டு. ஓட்டத்துக்கு ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு நீண்ட ஓட்டம் சராசரியை எங்கோ தூக்கிவிடும். அது கிடைக்காத நாளில் அதே அணி உதவாக்கரையாகத் தெரியும். நான்கு ஆட்டங்களின் சராசரியை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

அதற்குப் பதிலாக, அடுத்த செப்டம்பரில் ஒரு ஆட்டம் பார்க்கும்போது, பந்து கைமாறும் இரண்டு வினாடிக்கு ஓடுபவரை விட்டுவிட்டு சென்டரையும் கார்டுகளையும் மட்டும் பாருங்கள். மறு ஒளிபரப்பு பின்னாலிருந்து காட்டினால் இன்னும் நல்லது. இரண்டு பேர் சேர்ந்து இடித்தவர் பின்னால் போகிறாரா? அதில் ஒருவர் சரியான நேரத்தில் விலகி லைன்பேக்கரைத் தொடுகிறாரா? இந்த இரண்டும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே வந்தால், கணக்கில் ஓட்டத்துக்குச் சராசரி 2.9 யார்டு என்று இருந்தாலும் அந்த அணியின் ஓட்டம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2019 டைட்டன்ஸின் கடைசி வழக்கச் சுற்று ஆட்டம் ஹியூஸ்டனில் நடந்தது. அன்று ஹென்றி 32 முறை ஓடி 211 யார்டு சேர்த்தார். மொத்தம் 1,540 யார்டு, லீகிலேயே முதலிடம்.