அத்தை வீடும் ஆற்று மீனும்: தனியாகத் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

தூண்டிலை இதுவரை கையால் தொட்டிராத, ஆனால் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உறவினர் வீடு உள்ள ஒருவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையில் உள்ள என் அத்தை வீட்டை. சென்னையிலிருந்து வெள்ளி இரவு உழவன் விரைவு ரயிலில் ஏறினால் சனிக்கிழமை காலை தஞ்சாவூரில் இறங்கிவிடலாம். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பிவிடலாம்.

படி 1: பருவமும் நாளும்

மேட்டூர் அணை பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். ஆற்றில் தண்ணீர் நுரைத்து ஓடும் மாதங்களே மீன்பிடிக்க உகந்தவை என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அப்போது மீன் கடிப்பதைக் காட்டும் மிதவையான தக்கை ஓரிடத்தில் நிற்காது, கலங்கலில் இரையும் மீனின் கண்ணில் படாது, கால் வழுக்கினால் கரையேறுவதும் கடினம். அணை மூடிய பின், மாசி மாதவாக்கில், ஆறு ஒடுங்கி வளைவுகளிலும் பாலத்தடியிலும் மடுக்கள் மட்டும் எஞ்சும்போது, மீன்கள் சிறிய பரப்பில் சேர்ந்திருக்கும். தொடக்கக்காரருக்கு அதுவே காலம்.

கிழமையைப் பொறுத்தவரை ஞாயிறே சிறந்தது. வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை ஆகிய நாட்களில் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. பிடித்த மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நிற்பதைவிட முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

படி 2: முதல் நாள் வீட்டுக்கே

முதன்முறை சென்றபோது நான் பையை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டு நேராக ஆற்றுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்ததும், “நீ வீட்டுக்கு வந்தியா, ஆத்துக்கு வந்தியா?” என்று அத்தை கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆகவே சனிக்கிழமையை முழுவதுமாக வீட்டாருக்கே ஒதுக்குங்கள். கைவீசிக்கொண்டு போகாமல் பூவும் பழமும் வாங்கிச் செல்லுங்கள். திருவையாற்றுக்காரர்களுக்கு, அந்த ஊருக்கே பெயர்போன அசோகா அல்வாவை வாங்கிப் போவது மட்டும் கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும்.

இந்த ஒரு நாள் வீணாவதில்லை. எந்த மடுவில் தண்ணீர் நிற்கிறது, எங்கே மணல் அள்ளிய பள்ளம் ஆளை விழுங்கும் ஆழத்தில் இருக்கிறது, எந்தக் குளம் யாருடைய குத்தகையில் உள்ளது என்பதையெல்லாம் மாமா மாலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் விடப்படுகிறது. ஒருவர் குஞ்சு விட்டு வளர்க்கும் குளத்தில் கேளாமல் தூண்டில் போடுவது திருட்டேயாகும். கோயில் குளத்தின் பக்கம் போகவே வேண்டாம். ஆற்றிலும் அந்த இடத்தில் யாருக்கேனும் உரிமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: தூண்டில் கட்டுதல்

சக்கரம் பொருத்திய விலையுயர்ந்த கோல் இப்போது தேவையில்லை. பத்தடி நீளமுள்ள, நுனி வளைந்துகொடுக்கும் மூங்கில் கழி போதும். அதே நீளத்துக்கு 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பை நுனியில் இறுகக் கட்டுங்கள். தூண்டில் முள் 8 அல்லது 10-ஆம் எண்ணாக இருக்கட்டும். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் கொள்ளுங்கள்.

முள்ளைக் கட்டும் முடிச்சில்தான் புதியவர்கள் பெரும்பாலும் மீனை இழக்கிறார்கள். நரம்பின் முனையை முள்ளின் காதுக்குள் நுழைத்து, நீள நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்கி, காதை ஒட்டி உண்டாகும் சிறு வளையத்துக்குள் முனையைத் திரும்பச் செலுத்தி, எச்சிலால் நனைத்தபின் மெல்ல இழுத்து இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வில் சூடேறி நரம்பு அந்த இடத்திலேயே வலுவிழக்கும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறிய ஈயக்குண்டைக் கடித்தாற்போல் பொருத்தி, அதற்கும் மேலே நெட்டித் துண்டு ஒன்றைத் தக்கையாகக் கட்டுங்கள். தக்கையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நீருக்கு மேலே தெரிந்தால் எடை சரி. முழுதும் மிதந்தால் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போவதுகூடத் தெரியாது.

படி 4: ஞாயிறு விடியலில்

இரைக்கு, கொல்லையில் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் ஈரமண்ணைக் கிளறினால் நாக்குப்பூச்சி என்று இங்கு சொல்லப்படும் மண்புழு கிடைக்கும். ஈரமண்ணோடு ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த இடத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கிளம்பும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகிறவர் இடுப்பளவு நீரிலும் இறங்கக் கூடாது. கரையில் அமர்ந்தே பிடிக்க வேண்டும். கழியைத் தூக்குமிடத்தில் மின்கம்பி செல்கிறதா என்று ஒருமுறை தலைநிமிர்ந்து பாருங்கள்.

தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டைகளைத் தூண்டில் போடும் இடத்தில் முதலில் எறிந்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா இருங்கள். இரை அடிமண்ணுக்கு நான்கு விரற்கடை மேலே தொங்குமாறு தக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். தக்கை துடித்ததும் இழுத்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. துடிப்பு என்பது மீன் இரையைக் கொத்திப் பார்ப்பது மட்டுமே. தக்கை அமிழ்ந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டி உயர்த்துங்கள்.

பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது திலாப்பியா எனப்படும் ஜிலேபி மீனாக இருக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நம் நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களை நெருக்கிப் பெருகிக் கிடப்பதால், பிடிப்பதற்கு மனம் உறுத்த வேண்டியதில்லை. விராலுக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழும்பும் இடத்தில் தாயும் தந்தையும் காவல் இருக்கும் என்பதால், அங்கே தூண்டில் போடாமல் விலகிவிடுங்கள். கெளுத்தி, தேளி சிக்கினால் வெறுங்கையால் பற்ற வேண்டாம். செட்டை முள் குத்தினால் வலி அன்றைய பொழுதையே கெடுத்துவிடும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறிவிட்டால் பின்னோக்கிப் பிடுங்காமல், நரம்பை மட்டும் அறுத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெயில் ஏறும் ஒன்பது மணிக்கு எழுந்துவிடுங்கள். அதற்குமேல் மீனும் கடிக்காது, வீட்டில் குழம்புக்கும் நேரமாகிவிடும்.

படி 5: மீனை வீட்டில் கொடுத்தல்

மீனைப் பையோடு அடுக்களையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்; கொல்லையில் அமர்ந்து நீங்களே ஆய்ந்து கொடுங்கள். செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வை முழுவதுமாக உரித்தெடுக்க வேண்டும். கல்லுப்பு போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசி, மூன்று முறை அலசினால் மண்வாடை பெரிதும் போய்விடும். அதற்குமேல் புளிக்கரைசலும் மண்சட்டியும் அத்தையின் பொறுப்பு. அதில் யோசனை சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

மாலையில் முள்ளைத் துடைத்து உலர்த்தித் தீப்பெட்டியில் வையுங்கள். வெட்டிய நரம்புத் துண்டுகளை ஆற்றங்கரையில் விட்டிருந்தால் போய்ப் பொறுக்கி வாருங்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். மூங்கில் கழியை ரயிலில் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. தாழ்வாரத்து உத்தரத்தில் கிடத்திக் கட்டிவிட்டு, அதை அடுப்பெரிக்க எடுத்துவிட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.