பழைய சிஸ்டத்துக்குப் புதுசா ஓஎஸ் போடுறது எப்படி, அதுக்கு முன்னாடி என்ன செய்யணும்

மதுரைல எந்தத் தெருவுக்குள்ள போனாலும் ஏதாவது ஒரு வீட்டு பீரோ மேல பழைய லேப்டாப் ஒன்னு கிடக்கும், 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல பிளஸ் டூ படிக்கிறப்ப குடுத்ததா இருக்கும், இல்லாட்டி கடைல பில்லு போட வாங்கின டெஸ்க்டாப்பா இருக்கும். ஸ்லோவாயிருச்சு இனி ஆகாதுன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட்டும் நின்னுபோச்சு, சரி விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும்னு கேக்குது, அதனால பழைய இரும்புக் கடைல போட்டுறலாம்னு நெறைய பேரு முடிவுக்கு வந்துட்டாங்க. தயவுசெஞ்சு போட்றாதீங்க. 4 ஜிபி ரேம் இருந்து ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்ட்டிஸ்க்குக்குப் பதிலா போடுற வேகமான டிஸ்க்) மாட்டிட்டா அதுல ஒரு பிள்ளை தாராளமா படிக்கலாம், வீடியோ கிளாஸ் பாக்கலாம், ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடலாம்.

ஓஎஸ், அதாவது விண்டோஸ் மாதிரி சிஸ்டத்தையே ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், அதை ஏத்துறது பெரிய வித்தையெல்லாம் இல்ல. உள்ள இருக்கிறதைப் பத்திரமா வெளிய எடுக்கிறதுதான் வேலையே, ஆனா அதுலதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. கடைல குடுத்தா "டேட்டா எதுவும் வேணுமாண்ணே"ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க, நம்மளும் "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துருவோம். ஆனா டெஸ்க்டாப்புல தெரியிற ஃபைல், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், போன்ல இருந்து ஏத்துன போட்டோ எல்லாமே பெரும்பாலும் சி டிரைவ்ல யூசர்ஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ளதான் இருக்கும். அதுல உங்க பேர்ல இருக்கிற ஃபோல்டரை அப்படியே மொத்தமா காப்பி பண்ணிருங்க, எது வேணும் எது வேண்டாம்னு அப்ப உக்காந்து பிரிக்காதீங்க.

அதுக்கப்பறம் யாரும் நெனச்சுப் பாக்காத சில இடங்க இருக்கு. டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர் வச்சிருந்தா அதோட டேட்டா ஃபோல்டர் வேற எங்கயாவது இருக்கும், டேலிக்குள்ளயே பேக்கப் எடுத்து அந்த ஃபைலையும் வெளிய வைங்க. டிடிபி வேலை, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை பாத்த சிஸ்டம்னா சி டிரைவ்ல விண்டோஸுக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கும், அதைக் கட்டாயம் காப்பி எடுங்க, ஏன்னா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல தெறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா புரியாத மாதிரி தெரியும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அழிச்சுப்புட்டா அப்பறம் ஒன்னும் செய்ய முடியாது. பிரவுசர்ல சேவ் பண்ணுன பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணிக்கங்க. ஸ்கேன் பண்ணி வச்ச பட்டா, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் இதெல்லாம் எந்த மூலைல கிடக்குன்னு தெரியாது, அதனால பிடிஎஃப்னு தேடிப் பாத்து வர்றதை எல்லாம் எடுத்துருங்க.

காப்பி ஒன்னு போதாது, ரெண்டு எடத்துல வைங்க, ஒன்னு வெளி ஹார்ட்டிஸ்க், இன்னொன்னு பெரிய பென்டிரைவோ கூகுள் டிரைவோ. எடுத்ததை வேற ஒரு சிஸ்டத்துல மாட்டி நாலஞ்சு போட்டோவையாவது தெறந்து பாருங்க. காப்பி ஆயிருச்சுன்னு நம்புறதும் தெறந்து பாக்குறதும் ஒன்னில்ல. விண்டோஸே தெறக்கலைன்னாலும் பயப்பட வேண்டாம், கீழ சொல்றாப்புல லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ்ஸைப் பென்டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்தே சிஸ்டத்தை ஸ்டார்ட் (பூட்) பண்ணி அங்கிட்டிருந்தே காப்பி எடுக்கலாம். டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் முக்கியமான ஃபோல்டரை மொதல்ல எடுங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

என் கருத்தைக் கேட்டா, பழைய ஹார்ட்டிஸ்க்கை அழிக்கவே வேண்டாம். 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்னு வாங்கி அதுல ஓஎஸ் போடுங்க, பழசைக் கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டு அப்படியே வச்சிருங்க. வேகம் கூடுறதும் எஸ்எஸ்டியாலதான், வெறும் ஃபார்மட் போட்டா நாலு மாசத்துல திரும்பவும் பழைய கதைதான். ரேம் கூட்டுறதா இருந்தா பழைய ஸ்டிக்கைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க, டவுன்ஹால் ரோட்டுக்குப் போனாலும் சரி வேற எங்கிட்டுப் போனாலும் சரி, டிடிஆர்3யா டிடிஆர்4ஆ, அதுல எல் எழுத்து சேந்ததான்னு வாயால சொல்லித் தெளிவாக்க முடியாது. கழட்டுறப்பயே ஃபேன்ல அடைஞ்ச தூசியையும் பிரஷ்ஷால எடுத்துருங்க, சித்திரை வெயில்ல அந்தத் தூசிதான் பாதி ஸ்லோவுக்குக் காரணம்.

சரி எந்த ஓஎஸ். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஜெராக்ஸ் கடைங்கள்ல இருக்கிற கேனான் எல்பிபி 2900 பிரின்டர், இதுல ஏதாவது ஒன்னு இருந்தா விண்டோஸ்லயே இருங்க. அந்த பிரின்டர் லினக்ஸ்ல லேசுல ஒக்காராது. விண்டோஸ் 10ஐயே திரும்பப் போட்டு, வீட்டு சிஸ்டம்னா 2026 அக்டோபர் 13 வரைக்கும் மைக்ரோசாஃப்ட் குடுக்கிற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்ல சேந்துக்கலாம். டிபிஎம் செக்கைத் தாண்டி விண்டோஸ் 11 போட வழி இருக்கு, ஆனா கோர் 2 டுயோ மாதிரி பழைய ப்ராசசர்ல விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன் பூட்டே ஆகாது, அந்தக் கஷ்டம் தேவையில்ல. யாரோ குடுத்த கிராக் (லைசன்ஸ் இல்லாத திருட்டு) விண்டோஸை மட்டும் தொடாதீங்க, நீங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப்போற மெஷின் இது.

மத்த எல்லாருக்கும் நான் சொல்றது லினக்ஸ் மின்ட், அதுல லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். 2 ஜிபி ரேம்லயே ஓடும், 4 இருந்தா நல்லா ஓடும், 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் உண்டு, காசு கிடையாது. 64 பிட் ப்ராசசர் வேணும். ரொம்பப் பழைய 32 பிட் நெட்புக்கா இருந்தா ஆன்டிஎக்ஸ்ங்கிற லினக்ஸைப் பாருங்க.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்னு எடுங்க, அதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சுரும்ங்கிறதை மனசுல வைங்க. விண்டோஸ்னா மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல். மின்ட்னா அவங்க சைட்ல இருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (மொத்த ஓஎஸ்ஸும் அடங்குன ஒரே ஃபைல்) எறக்கி, அதைப் பென்டிரைவ்ல ஏத்துற ரூஃபஸ் சாஃப்ட்வேர்ல பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர்னு (டிஸ்க்கைப் பிரிக்கிற பழைய முறை) விட்டு ஸ்டார்ட் குடுங்க, ஆன் பண்ணுன ஒடனே சிஸ்டத்தை எழுப்பி விடுற போர்டு சாஃப்ட்வேர் பழைய பயாஸா இருந்தாலும் புது யுஇஎஃப்ஐயா இருந்தாலும் ரெண்டுலயும் பூட் ஆகும். ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட மூணு ஜிபி வரும், ஊருக்குள்ள போன் டேட்டாவ வச்சு எறக்குறவங்க ராத்திரில போட்டு விட்டுருங்க.

பென்டிரைவைச் சொருகி சிஸ்டத்தை ஆன் பண்ணுன ஒடனே, எதுல இருந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்குற பூட் மெனுவோட கீயைத் தட்டிக்கிட்டே இருக்கணும். டெல், லெனோவோ எஃப்12. எச்பி எஸ்கேப் அடிச்சு எஃப்9. ஏசர் எஃப்12தான், ஆனா மொதல்ல எஃப்2ல பயாஸுக்குள்ள போயி எஃப்12 பூட் மெனுவை ஆன் பண்ணணும். ஏசஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப். தேதி ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போயிருச்சுன்னா டெஸ்க்டாப் போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி போச்சுன்னு அர்த்தம், மாத்திருங்க, தேதி தப்பா இருந்தா எந்த வெப்சைட்டும் ஒழுங்கா தெறக்காது.

மின்ட் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே பென்டிரைவ்ல இருந்து ஓடும், இதுதான் அதுல பெரிய வசதி. ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, வைஃபை பிடிக்குதா, சவுண்டு வருதா, கேமரா தெரியுதா. வைஃபை பிடிக்கலைன்னா போனைக் கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டா நெட் வந்துரும், இன்ஸ்டால் முடிஞ்சதும் டிரைவர் மேனேஜர்ல போயி வைஃபை டிரைவரை ஏத்திக்கலாம்.

இப்ப கவனம். பழைய டிஸ்க்லயே போடுறவங்க "எரேஸ் டிஸ்க்"னு வர்ற ஆப்ஷனைப் பாத்த ஒடனே அமுக்கிறாதீங்க. சி, டி, இ-ன்னு தனித்தனியா தெரியிறது எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பிரிச்சு வச்சதுதான், வயலுக்கு வரப்பு போட்ட மாதிரி, எரேஸ் குடுத்தா வரப்போட சேத்து மொத்த வயலும் போயிரும், டி டிரைவ்ல இருந்த கல்யாண ஆல்பமும் போயிரும். டி டிரைவ் வேணும்னா "சம்திங் எல்ஸ்" எடுத்து சி இருந்த பார்ட்டிஷனை மட்டும் எடுத்துக்கங்க, எது சி-ன்னு அளவை வச்சு முன்னாடியே பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, இங்க சி, டி-ன்னு பேரு வராது. விண்டோஸ்லயும் கஸ்டம் ஆப்ஷன்ல இதே கவனம்தான். அங்க டிஸ்க் எம்பிஆரா இருக்கு, இன்ஸ்டால் பண்ண முடியாதுன்னு வந்தா டிஸ்க்கை மாத்தாதீங்க, வெளிய வந்து பூட் மெனுல யுஇஎஃப்ஐன்னு போடாத பென்டிரைவ் பேரை எடுங்க. கீ கேட்டா, ஏற்கனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்த மெஷின்னா "கீ இல்ல"ன்னு குடுத்துட்டு அதே எடிஷனைப் போடுங்க, நெட்ல மாட்டுன ஒடனே தானா ஆக்டிவேட் ஆயிரும்.

பேட்டரி செத்துப்போன லேப்டாப், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்னா மாசாந்திர பராமரிப்புக்குக் கரன்ட் கட் பண்ற நாள்ல தொடவே வேண்டாம், பேப்பர்ல உங்க ஏரியா பேரு வந்திருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க. ஓஎஸ் ஏறிக்கிட்டு இருக்கிறப்ப கரன்ட் போச்சுன்னா பெரும்பாலும் மொதல்ல இருந்துதான்.

முடிஞ்சதும் மொதல்ல அப்டேட் எல்லாத்தையும் போடுங்க, மின்ட்ல டைம்ஷிஃப்ட் ஆன் பண்ணி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க, பின்னாடி ஏதாவது கெட்டா சிஸ்டத்தை அந்த நிலைக்கே திருப்பிக்கலாம். தமிழ் அடிக்க ரெண்டு ஓஎஸ்லயும் தமிழ்99 கீபோர்டு முறை உள்ளயே இருக்கு, கீபோர்டு செட்டிங்ல சேத்தா போதும், வேற எந்த சாஃப்ட்வேரும் எறக்க வேண்டியதில்ல. எடுத்து வச்ச ஃபான்ட் ஃபைலை விண்டோஸ்னா ரைட் கிளிக்ல இன்ஸ்டால் குடுங்க, மின்ட்னா ஹோம் ஃபோல்டர்ல முன்னாடி ஒரு புள்ளி வச்சு .fonts-ங்கிற பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைங்க, பழைய பத்திரிகை ஃபைல் ஒன்னைத் தெறந்து எழுத்து சரியா வருதான்னு பாருங்க. அது சரியா வந்து, போட்டோவும் டேலியும் தெறந்து, வீட்ல எல்லாரும் தங்களோடது இருக்குன்னு சொன்னதுக்கப்பறம் பழைய டிஸ்க்கை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுங்க.