ஒரு நாட்டின் காடுகள் ஆண்டுக்கு எவ்வளவு மரம் தர முடியும்? கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டின் வளத்தைக் குறைக்காமல் ஆண்டுதோறும் எவ்வளவு மரம் எடுக்கலாம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கே விடையாக வைக்கப்படுகிறது. காட்டின் பரப்பை ஹெக்டேருக்கான சராசரி ஆண்டு வளர்ச்சியால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அந்த எண் காடு எவ்வளவு வளர்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு வெட்டலாம் என்பதைச் சொல்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே இங்கே பேசப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன. இந்த எண்ணை நம்பித்தான் காகித ஆலைகளும் மரத்தை எரிக்கும் மின் நிலையங்களும் தொடங்கப்படுகின்றன; ஆலை எழுந்த பிறகு கணக்கு தவறென்று தெரிந்தால், பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது காடாகத்தான் இருக்கிறது.

முதல் தவறு பரப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வரையறைப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், 5 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரங்களின் விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் நிழல் பரப்பினால், அந்த நிலம் வேளாண்மைக்கோ நகர்ப்புறப் பயன்பாட்டுக்கோ உரியதாக இல்லாதவரை, அது காடு. மரம் வெட்டப்பட்டு மறு வளர்ச்சிக்காகக் காத்திருக்கும் வெற்று நிலமும் இதற்குள் அடங்கும். இந்த அளவுகோலின்படி 2020இல் உலகக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 406 கோடி ஹெக்டேர். அதில் 18 விழுக்காடு சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதிகளில் இருந்தது. அப்பகுதிகளை நீக்கினாலும் செங்குத்துச் சரிவுகள், சதுப்புகள், நீரோடைக் கரைகள், சாலை எட்டாத உட்பகுதிகள் என வெட்ட முடியாத இடங்கள் இன்னும் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் ‘மர வழங்கலுக்குக் கிடைக்கும் காடு’ என்று தனிப் பிரிவு ஒன்றை வைத்துக் கணக்கிடுவது இதற்காகவே. பரப்பைக் குறைத்துவிட்டுச் சராசரி வளர்ச்சியை மட்டும் அப்படியே வைத்திருப்பதும் தவறுதான். ஏனெனில் நீக்கப்பட்ட நிலமும் மிஞ்சிய நிலமும் ஒரே வேகத்தில் வளர்பவை அல்ல. வட துருவத்தை ஒட்டிய காடுகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன மீட்டர் வளர்வதே பெரிது. வெப்ப மண்டலத்தின் நல்ல யூகலிப்டஸ் தோட்டங்களில் அது 30 கன மீட்டரையும் தாண்டும்.

அடுத்தது, நிற்கும் மரத்தையும் ஆலைக்கு வந்து சேரும் மரத்தையும் ஒன்றாகக் கொள்வது. கணக்கெடுப்பவர் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், பட்டையோடு சேர்த்துத்தான் மரத்தின் விட்டத்தை அளக்கிறார். அப்படி அளந்த 100 கன மீட்டரை எடுத்துக்கொள்வோம். பல ஊசியிலை மரங்களில் பட்டை மட்டுமே 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். அடிக்கட்டை நிலத்திலேயே தங்கும், நுனி கழிக்கப்படும், விழும்போது உடைந்ததும் உள்ளே அழுகியதும் காட்டிலேயே கிடக்கும். வண்டியில் ஏறுவது 75, 80 கன மீட்டராகச் சுருங்குவது வியப்பல்ல. வளர்ச்சியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மொத்த வளர்ச்சியிலிருந்து, தானாகப் பட்டுப்போகும் மரங்களைக் கழித்த நிகர வளர்ச்சியே கணக்குக்கு உரியது. ஒரு பக்கத்தில் பட்டையோடு கூடிய வளர்ச்சியையும் மறு பக்கத்தில் பட்டை நீக்கிய வெட்டு அளவையும் வைத்து ஒப்பிடும் அறிக்கை, காட்டில் இல்லாத மிச்சத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வயதை மறப்பது என்பேன். பத்து லட்சம் ஹெக்டேர் தோட்டக் காடு உள்ள ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மரம் 40 ஆண்டில் வெட்டுக்கு வரும். ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கன மீட்டர் வளரும். ஆக, ஆண்டு வளர்ச்சி ஒரு கோடி கன மீட்டர். இதையே வெட்டு அளவாக அறிவிக்கிறார்கள். ஆனால் எட்டு லட்சம் ஹெக்டேரில் நிற்பவை 20 வயதைத் தாண்டாத இளமரங்கள். முதிர்ந்தவை இரண்டு லட்சம் ஹெக்டேரில் மட்டுமே. அங்கே ஹெக்டேருக்கு 400 கன மீட்டர் வீதம் எட்டுக் கோடி கன மீட்டர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி என்று வெட்டினால் எட்டே ஆண்டில் முதிர்ந்த காடு தீர்ந்துவிடும். இளமரங்களில் மூத்தவை வெட்டுக்கு வர இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆகும். இவ்வளவுக்கும் ஒவ்வோர் ஆண்டும் வளர்ச்சிக்கு மேல் ஒரு கன மீட்டர்கூட வெட்டப்படவில்லை. இடைவெளியை நிரப்பப் பருவம் வராத மரங்களில் கை வைத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு பத்தாண்டின் விளைச்சலும் குறையும். எனவே நாட்டளவிலான கணக்கு, வயது வகுப்பு வாரியாக, குறைந்தது ஒரு முழுச் சுழற்சிக் காலத்துக்கு, அதாவது நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான காலத்துக்கு, முன்னோக்கிப் போடப்பட வேண்டும்; ஒற்றை ஆண்டின் வளர்ச்சி எண் அதற்குப் பதிலாகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. மிக முதிர்ந்த இயற்கைக் காட்டில் இருப்பு மலைபோல் குவிந்திருக்கும். நிகர வளர்ச்சியோ சுழியை ஒட்டி நிற்கும். அதை முதன்முறையாக வெட்டும்போது நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மரம் கைக்கு வருகிறது. இரண்டாம் முறை அவ்வளவு கிடைக்காது, ஏனெனில் அடுத்து வளரும் காடு அந்த வயதை எட்டும் முன்பே வெட்டப்படும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இந்தச் சரிவை எதிர்கொண்டே தன் வெட்டு அளவுகளைத் திட்டமிட வேண்டியிருந்தது. முதல் அறுவடையின் அளவை நிலையான வழங்கலாக எழுதுவது சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்பதற்கு ஒப்பாகும்.

வெப்ப மண்டலக் காடுகளில் பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும்போது கணக்கு இன்னும் நுட்பமாகிறது. பிரேசிலின் அமேசான் விதிகள், இயந்திரங்களைக் கொண்டு வெட்டும் இடங்களில் ஹெக்டேருக்கு 30 கன மீட்டர் என்ற உச்ச வரம்பையும் ஒரே இடத்தை மறுபடி வெட்ட 35 ஆண்டு காத்திருக்கும் சுழற்சியையும் வைத்திருக்கின்றன. அதாவது ஆண்டுக்கு 0.86 கன மீட்டர் திரும்ப வளரும் என்ற எடுகோள். வெட்டிய இனங்களே அதே அளவுக்குத் திரும்ப வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வேகமாக வளரும் விலைபோகாத இனங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், மொத்த மர அளவு மீண்டிருந்தும் சந்தைக்கான மரம் மீண்டிருக்காது. மொத்த வளர்ச்சியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

உயிரியல் அடிப்படையில் வெட்டக்கூடியதெல்லாம் சந்தைக்கு வரும் என்று எண்ணுவதும் பரவலான பிழை. ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருமளவில் நடப்பட்டு, இன்று ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேரில் நிற்கும் தோட்டக் காடுகளில் பெரும்பகுதி வெட்டும் வயதை எட்டிவிட்டது. ஆனால் சரிவான நிலம், சிறு துண்டுகளாகச் சிதறிய உடைமை, ஆள் பற்றாக்குறை ஆகியவற்றோடு மலிவான இறக்குமதியும் சேர்ந்துகொண்டதால், 2000களின் தொடக்கத்தில் அந்நாட்டின் மரத் தேவையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்நாட்டிலிருந்து கிடைத்தது. ஸ்வீடனில் காடுகளில் ஏறத்தாழ பாதி தனி மனிதர்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். விலை ஏறினால் எல்லோரும் விற்பார்கள் என்று சொல்ல முடியாது.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடுக்கிய விறகின் ஒரு கன மீட்டரில் காற்றிடைவெளி போக உண்மையான மரம் 0.6 அல்லது 0.7 கன மீட்டர்தான். பச்சை மரத்தின் டன்னும் உலர்ந்த மரத்தின் டன்னும் ஒன்றல்ல.

இரட்டை எண்ணிக்கைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அறுவை ஆலைக்குள் போகும் உருட்டு மரத்தில் ஏறத்தாழ பாதிதான் பலகையாகிறது. மீதி மரச் சில்லுகளாகவும் தூளாகவும் காகித ஆலைக்கோ எரிபொருளுக்கோ போகிறது. அந்தச் சில்லுகளையும் காட்டின் வழங்கலோடு கூட்டினால் ஒரே மரம் இரு முறை எண்ணப்படும். இதற்கு நேர்மாறாக, உலகில் எடுக்கப்படும் மரத்தில் ஏறத்தாழ பாதி எரிபொருளாகவே போகிறது. அதில் பெரும்பங்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவான வெட்டை மட்டும் வளர்ச்சியிலிருந்து கழித்து, எஞ்சியதைப் ‘பயன்படாத வளம்’ என்று அறிவிக்கும்போது, யாரோ ஏற்கெனவே அடுப்பில் எரித்துவிட்ட மரத்தையே புதிய ஆலைக்கு ஒதுக்குகிறோம்.

கடைசியாக, அமைதியான ஆண்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. 2005 ஜனவரியில் தெற்கு ஸ்வீடனைத் தாக்கிய குட்ருன் புயல், நாட்டின் ஏறத்தாழ ஓராண்டு வெட்டுக்கு ஈடான மரத்தை ஓரிரவில் சாய்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு எண்ணற்ற பைன் மரங்களைக் கொன்றபோது, பட்ட மரத்தை அழுகுமுன் எடுக்க வெட்டு அளவை உயர்த்தினார்கள். பின்னர் காட்டில் நிற்பது குறைந்தபோது அதை இறக்க வேண்டியதாயிற்று. அம்மாநிலச் சட்டம் வெட்டு அளவைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது புதிதாக நிர்ணயிக்கச் சொல்கிறது. நாட்டளவில் கணக்கிடுவோரும் எண்ணை ஒற்றையாக வைக்காமல் கீழ் எல்லை, மேல் எல்லை என்று வைத்து, எந்த எடுகோள் மாறினால் எந்த எல்லை நகரும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். புதிய ஆலைக்கான உரிமத்தைக் கீழ் எல்லையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.