வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் தொழிலைத் தனியாக நடத்துவது எப்படி?

சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் மெக்கானிக்குக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டும், என்ன கட்டணம் வாங்க வேண்டும், எந்தப் பாகத்தைப் போட வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதே வேலையைச் சொந்தத் தொழிலாக நடத்துபவர் இவை அனைத்தையும் தாமே முடிவு செய்ய வேண்டும்; முடிவு தவறினால் வரும் நட்டத்தையும் தாமே ஏற்க வேண்டும். அடிப்படை மின்னியல் அறிவும், அனுபவமுள்ள ஒருவரிடம் பெற்ற பயிற்சியும் உடையவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர் உங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, பழுது எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்கானது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றிப் புதுப் பாகத்தைப் பொருத்தப் பலருக்கும் தெரியும். எந்தப் பாகம், ஏன் கெட்டது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

எந்தெந்தச் சாதனங்களை எடுத்துக்கொள்வது?

தொடக்கத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வது நல்லதல்ல. வாஷிங் மெஷின், மின்சார அடுப்பு, ஹீட்டர், மிக்ஸி என மோட்டாரும் ஹீட்டரும் சுவிட்சும் கொண்ட சாதனங்களில் தொடங்கினால், ஒன்றில் கற்றது மற்றொன்றில் உதவும். உதிரிபாகங்களையும் குறைந்த முதலீட்டில் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட், ஸ்டார்ட்டிங் ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் பாகம்), ஓவர்லோடு (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் பாகம்), ஃபேன் மோட்டார், டீஃப்ராஸ்ட் ஹீட்டர் (படியும் பனியை உருக்குவது), கதவு ரப்பர் ஆகியவை கேஸ் குழாய்களுக்கு வெளியே இருக்கும் பாகங்கள். இவற்றை முறையாகக் கற்றவர் மாற்றலாம். குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்களைத் திறக்கும் வேலை அப்படிப்பட்டதல்ல. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 என்ற கேஸ் படிப்படியாக விலக்கப்பட்டது. இன்று வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், அதாவது தீப்பற்றக்கூடிய வாயு. காற்றில் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்திருந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஆகவே அந்தக் குழாயில் வெல்டிங் தீயைக் காட்டும் முன் தேவைப்படும் பயிற்சியும் கருவிகளும், பல நாடுகளில் கேட்கப்படும் சான்றிதழும் உங்களிடம் இல்லையென்றால், அந்த வேலையை உரியவரிடம் அனுப்பிவிடுங்கள். அப்படி அனுப்புவதால் உங்கள் மதிப்புக் குறையாது.

கருவிகள்

நல்ல மல்டிமீட்டர் ஒன்றை, வீட்டு மின்சாரத்தில் பயன்படுத்தத் தகுந்த பாதுகாப்புத் தரம் குறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். இதில் சிக்கனம் கூடாது. அடுத்து 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி. சாதாரண மீட்டரில் நன்றாகத் தெரியும் ஹீட்டர் ஒன்று, இந்த மின்னழுத்தத்தில் சோதிக்கும்போதுதான் சாதனத்தின் உலோக உடலுக்கு மின்சாரத்தைக் கசியவிடுவதைக் காட்டிக்கொடுக்கும். கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது), தலை மாற்றக்கூடிய ஸ்க்ரூடிரைவர் செட், சால்டரிங் அயர்ன், கூர்மையான வெளிச்சம் தரும் டார்ச், ஆழமில்லாத தட்டு ஒன்று, நிறையப் பழைய துணி ஆகியவை இருந்தால் பெரும்பாலான வீடுகளில் வேலை நடக்கும். விரிப்புத் துணி ஒன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும். தரையில் கீறல் விழுந்தால் நீங்கள் செய்த நல்ல வேலையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

போனிலேயே பாதி வேலை

சாதனத்தின் பின்புறத்திலோ கதவின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் மெஷின்களில் கூட மாடல் எண்ணின் கடைசி எழுத்து மாறினால் போர்டும் பம்பும் மாறிவிடும். பிறகு கேள்விகள்: எப்போது தொடங்கியது, ஒவ்வொரு முறையும் வருகிறதா அல்லது விட்டுவிட்டு வருகிறதா, திரையில் ஏதேனும் எர்ரர் கோடு தெரிகிறதா, அதற்கு முன் வேறு யாரேனும் திறந்து பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் மிக முக்கியம். ஏற்கெனவே ஒருவர் கைவைத்த மெஷினில் ஒயர் மாறியிருக்கலாம், ஸ்க்ரூ குறைந்திருக்கலாம், எர்த் இணைப்பு திரும்பப் பொருத்தப்படாமல் இருக்கலாம். விசிட் சார்ஜ் எவ்வளவு, அது எதற்கானது, ரிப்பேர் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதைத் தர வேண்டியிருக்கும் என்பதையும் இந்தப் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டு வாசலில் நின்று முதன்முறையாகச் சொன்னால் அது மனக்கசப்பில்தான் முடியும்.

பழுதைக் கண்டறிதல்

வாடிக்கையாளர் சொல்வது அறிகுறியைத்தான். “மோட்டார் போய்விட்டது” என்று அவர் சொன்னாலும், மோட்டார் ஓடவில்லை என்பது மட்டுமே நமக்குக் கிடைத்த தகவல். சாதனத்தைக் கழற்றும் முன் ஒருமுறை ஓடவிட்டுக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து அறிந்துகொள்ளுங்கள். பிறகு எளிதில் சோதிக்கக்கூடியதிலிருந்து கடினமானதை நோக்கிப் போக வேண்டும்.

தண்ணீர் வெளியேறாத வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் தட்டையும் துணியையும் வைத்து, பம்ப் ஃபில்ட்டரை மெல்லத் திருகித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிடுங்கள். நாணயம், ஹேர்பின், நூல் உருண்டை இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே கிடைப்பது வழக்கம். ஃபில்ட்டரை எடுத்ததும் உள்ளே டார்ச் அடித்து, பம்பின் இறக்கையை விரலால் சுழற்றிப் பாருங்கள். பல டிரெயின் பம்புகளில் உள்ளே காந்தம் இருப்பதால் இறக்கை வழுக்கிக்கொண்டு சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் தட்டித் தட்டி நகரும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இதைப் பழுது என்று எண்ணிப் பம்பை மாற்றிவிடுவதுண்டு. இறக்கை அசையவே இல்லை என்றாலோ, தண்டிலிருந்து கழன்று ஆடுகிறது என்றாலோ பம்ப் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இறக்கை நன்றாக இருந்தால் வெளியேற்றும் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பம்பின் காயிலை மீட்டரில் அளந்து, முறையான பாதுகாப்புடன், வடிக்கும் கட்டத்தில் பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். காயில் நன்றாக இருந்து மின்சாரம் வரவில்லை என்றால் ஒயரிலோ போர்டிலோ கோளாறு. இந்த வரிசையில் போனால், விலை அதிகமான போர்டை நீங்கள் ஊகத்தின் பேரில் மாற்றச் சொல்ல வேண்டிய நிலை வராது.

எண்களை நினைவில் வைத்துக்கொள்வதைவிட கணக்கிடப் பழகுவது மேல். 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் ஹீட்டரின் மின்தடை, வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் ஏறக்குறைய 26 ஓம் என்று வரும். மீட்டர் அதற்குப் பக்கத்தில் காட்டினால் கம்பி நன்றாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசரின் காமன், ரன், ஸ்டார்ட் என்ற மூன்று முனைகளுக்கும் இப்படி ஒரு மின்தடைக் கணக்கு உண்டு: காமன்–ரன், காமன்–ஸ்டார்ட் ஆகிய இரண்டையும் கூட்டினால் ரன்–ஸ்டார்ட் அளவு வர வேண்டும். வேகத்தை மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் மட்டும் மூன்று அளவுகளும் சமமாக இருக்கும். ஃபிரிட்ஜில் “ம்ம்” என்ற ஓசை சில விநாடிகள் கேட்டு, ‘டக்’ என்று நின்று, சில நிமிடங்களில் மீண்டும் அதுவே நடந்தால், கம்ப்ரசர் போய்விட்டது என்று அறிவித்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டிங் ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சீல் செய்யப்பட்ட பி.டி.சி. ரிலேயாக (சூடேறினால் மின்தடை கூடும் வில்லை கொண்டது) இருந்து உள்ளே உடைந்த துண்டு கலகலவென்று ஆடினால், மாற்ற வேண்டியது கையில் இருக்கும் அந்தச் சிறு பாகம்தான்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வதற்கு ஒரு முறை உண்டு: மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பார்த்து, அடுத்து நீங்கள் தொடப்போகும் இடத்தைச் சோதித்து, மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

மைக்ரோவேவ் ஓவன் தனி வகை. அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 2000 வோல்ட் தருகிறது. கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை 4000 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு அனுப்புகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதை வெளியேற்றுவதற்கான ரெசிஸ்டர் உள்ளேயே இருந்தாலும் அது அறுந்திருக்கலாம் என்று எண்ணியே செயல்பட வேண்டும். கதவு சுவிட்சுகளில் ஒன்றைக்கூட நேரடியாக இணைத்து ஓட்டக் கூடாது. ஓவனிலிருந்து வெளியே கசியும் கதிர், 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதை அளக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் கதவு சம்பந்தமான ஓவன் வேலையை எடுக்காதீர்கள்.

தெர்மல் ஃபியூஸைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், டிரையர் ஆகியவற்றில் சூடு எல்லை மீறும்போது ஒரேயொரு முறை அறுந்து மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக வைக்கப்பட்ட பாகம் அது. சரியான பாகம் கைவசம் இல்லை, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக அந்த இடத்தில் ஒயரை முறுக்கி இணைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் குழந்தைகளும் தூங்குகிறார்கள். ஃபியூஸ் அறுந்ததற்குக் காரணம் இருக்கும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், டிரையரின் காற்றுவழி பஞ்சால் அடைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸைப் போட்டாலும் வேலை முடிந்ததாக ஆகாது.

மூடியைப் பொருத்தியபின் எர்த் தொடர்ச்சியையும் இன்சுலேஷனையும் சோதித்து, அளவுகளை ரசீதில் எழுதிக் கொடுங்கள். உலோக உடல் கொண்ட சாதனத்தில் இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அதைத் திருப்பித் தரக் கூடாது.

கட்டணம்

பக்கத்தில் ஒருவர் எவ்வளவு வாங்குகிறாரோ அதில் கொஞ்சம் குறைத்து வாங்குவது என்று தொடங்கினால், ஓராண்டு முழுக்க உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாது. உங்கள் குடும்பத்துக்குத் தேவையான வருமானம், வண்டி, எரிபொருள், போன், கருவித் தேய்மானம், காப்பீடு, வரி ஆகியவற்றைக் கூட்டி, கட்டணம் வாங்கக்கூடிய மணி நேரத்தால் வகுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பயணம், பாகம் தேடுவது, போன் பேசுவது, கணக்கு எழுதுவது எல்லாம் போக, எட்டு மணி நேர நாளில் நான்கு அல்லது ஐந்து மணி நேரத்துக்குத்தான் பணம் கிடைக்கும் என்று கொள்வதே பாதுகாப்பானது. வேலைகளை ஒரே பகுதியில் ஒரே நாளில் வருமாறு அடுக்கினால் இந்த நேரம் கூடும்.

பழுதைக் கண்டறிந்ததும் பாகத்தின் விலை, கூலி, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுத்தில் கொடுத்து, சம்மதம் கிடைத்த பிறகே கைவையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே காட்டி, வேண்டுமென்றால் ஒப்படைத்துவிடுங்கள். பாகத்தை மாற்றாமலே பணம் வாங்கினார் என்ற சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

புதியதன் விலையில் பாதிக்கு மேல் செலவானால் ரிப்பேர் வேண்டாம் என்றொரு வழக்கம் தொழிலில் உண்டு. அது தொடக்கக் கணக்குத்தான். பத்தாண்டு உழைத்த வாஷிங் மெஷினில் டிரம் பேரிங் போய், அந்த மாடலில் டப் (டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டி) பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருந்தால், முழு டப்பையும் வாங்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். இரண்டாண்டு ஆன மெஷினில் போர்டு போயிருந்தால் செலவு பாதியைத் தொட்டாலும் சரிசெய்வது நியாயம். உங்களுக்கு வருமானம் வராத ஆலோசனையைச் சொல்லும் இடத்தில்தான் அந்தக் குடும்பம் உங்களை நம்பத் தொடங்குகிறது.

பதிவும் கணக்கும்

உங்கள் இடத்தின் சட்டப்படி தொழில் பதிவு, வரி, மின்வேலைக்கான உரிமம் ஆகியவற்றைத் தொடங்குமுன்பே விசாரித்து முடியுங்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயமில்லாத இடத்திலும் எடுத்துவிடுங்கள். ஹோஸ் ஒன்று சரியாக இறுகாமல் ஒரே இரவில் கீழ்வீடு வரை நனைந்தால் அதன் நட்டத்தைக் கைப்பணத்தில் ஈடுகட்ட முடியாது. தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் மாடல், அறிகுறி, அளந்த எண்கள், உண்மையான காரணம், போட்ட பாகம் ஆகியவற்றை நோட்டில் எழுதி வாருங்கள். எந்தப் பாகம் அடிக்கடி தேவைப்படுகிறது என்று அந்த நோட்டே காட்டும். அதை வண்டியில் வைத்தால் இரண்டாம் பயணம் மிச்சமாகும். உத்தரவாதக் காலத்துக்குள் அதே பழுது என்று அழைப்பு வந்தால், மறுநாள் வேலைகளில் அதை முதலாவதாக வைத்து, கட்டணம் கேட்காமல் போய்ப் பாருங்கள். போகுமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டி, போன முறை எதைச் சோதிக்காமல் விட்டோம் என்பதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே சோதனையைத் தொடங்குங்கள்.