மார்கன் வெள்ளி டாலர்: முதல் நாணயத்தைப் பார்த்து வாங்குவது எப்படி?

பழைய அமெரிக்க வெள்ளி டாலர்களைச் சேர்க்க நினைப்பவர்கள் மார்கன் டாலரில் தொடங்குங்கள். 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921-லும் வெளிவந்த நாணயம் இது. 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தால் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அப்படியும் ஏராளமாக மிஞ்சியிருப்பதால் சாதாரண ஆண்டுகளின் நாணயங்கள் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன.

1. எடை போடுங்கள். 26.73 கிராம் இருக்க வேண்டும்; தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். விட்டம் 38.1 மி.மீ. காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் மட்டும் அசல் என்று நம்பிவிடக் கூடாது.

2. பின்பக்கம் திருப்பி, கழுகுக்குக் கீழே இலைவளைய முடிச்சின் அடியில் பாருங்கள். எந்த நாணயச்சாலையில் அச்சானது என்பதைக் காட்டும் எழுத்து அங்கே இருக்கும். ‘எஸ்’ சான் பிரான்சிஸ்கோ, ‘ஓ’ நியூ ஆர்லியன்ஸ், ‘சிசி’ கார்சன் சிட்டி; 1921-இல் மட்டும் ‘டி’ (D), அதாவது டென்வர். எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. விலையைத் தலைகீழாக மாற்றுவது இந்தச் சின்ன எழுத்துதான். 1893 ‘எஸ்’ வெறும் ஒரு லட்சம்தான் அச்சானது. அதனாலேயே பிலடெல்பியா நாணயத்தில் ‘எஸ்’ ஒட்டி விற்கிறார்கள். அசலில், முன்பக்கம் லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் ‘டி’ (T) எழுத்து உச்சியில் மெல்லிய சாய்கோடு ஒன்று புடைத்திருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் அது தெரியாது.

3. தேய்மானம் முதலில் தெரிவது முன்பக்கப் பெண் முகத்தில் காதுக்கு மேலுள்ள கூந்தலிலும் பின்பக்கக் கழுகின் மார்பிலும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பலவற்றில் அச்சு அழுந்தாததால், புழங்காத நாணயத்திலும் மார்பு இறகுகள் மழுங்கியே இருக்கும். விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒளி சக்கரத்தின் ஆரங்கள்போல் எங்கும் தடைபடாமல் சுழன்றால் அந்த நாணயம் பெரும்பாலும் புழங்காததுதான்.

4. முதலில் வாங்க 1881 ‘எஸ்’ எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. அச்சு கூர்மையாக இருக்கும், தாராளமாகவும் கிடைக்கும். நல்ல அச்சு எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க இதைவிடச் சிறந்த நாணயம் இல்லை.

5. எக்காரணம் கொண்டும் தேய்த்துக் கழுவாதீர்கள். புளியோ பற்பசையோ பட்டால் அந்த இயல்பான ஒளி போய்விடும், திரும்ப வராது. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

‘சிசி’ போன்ற விலை கூடியவற்றுக்கு ஆசைப்படும்போது, நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்தின் தரச்சான்றுடன் உறையிட்டதையே வாங்குங்கள். உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.