மூழ்கிய கப்பலைப் பார்க்க ஸ்கூபா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ராமநாதபுரம் பக்கம் ஸ்கூபாவுக்கு எது சீசன்?" என்று கேட்டு, காற்று சிலிண்டரோடு கடலுக்குள் முங்கும் அந்த ஆட்டத்துக்கு யாரோ சொன்ன மாதத்தில் டிக்கெட் போடுவதில்தான் தவறு தொடங்குகிறது. இங்கே கடல் இரண்டு. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. மீனவர்கள் முதலாவதை ஆண் கடல் என்றும் இரண்டாவதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் குமுறும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை எழுந்தால் நிலைமை தலைகீழ். காற்று நின்றதும் ஓடிவிடவும் வேண்டாம். கலங்கிய தண்ணீர் தெளியச் சில நாள் ஆகும்.

இலங்கையிலும் பருவம் இப்படித்தான் கரைக்குக் கரை மாறும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மெஸ் என்ற போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் கிடக்கிறது. வாடை வீசும் டிசம்பரில் அதைத் தேடிப் போவது வீண். போதாததற்கு அது 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கான ஆழம் 18 மீட்டர், பொழுதுபோக்கு ஸ்கூபாவின் உச்சவரம்பே 40 மீட்டர்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கு மூச்சடக்குவதுதான் திறமை. மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறுகிறார்கள். ஸ்கூபாவில் அந்தப் பழக்கம் ஆளையே கொன்றுவிடும். 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்தபடி ஏறினால் நுரையீரல் கிழியும். நீந்துவதில் கில்லாடிகள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, உங்களுக்கு எட்டும் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலை அடைந்தாயிற்று. திறந்த கதவைக் கண்டதும் உள்ளே நுழையாதீர்கள். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. துடுப்புக் காலால் ஓர் உதை உதைத்தால் போதும், சேறு கிளம்பி வந்த வழியே தெரியாமல் போய்விடும். அறுந்த வலைகளும் துருப்பிடித்த தகடுகளும் அங்கே காத்திருக்கும். பவளத்தைப் பெயர்த்து எடுத்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால், அந்தப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

அப்புறம், காலையில் முங்கிவிட்டு மாலையே காரில் கொடைக்கானல் ஏறுவது! உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். முங்கும்போது சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகி மூட்டுவலி முதல் முடக்கம் வரை கொண்டுவரலாம். விமானத்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரே ஒரு முறை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்து மதுரையில் விமானம் ஏறுங்கள்.