நாள் தள்ளியதிலிருந்து பால்வாடி வரை: எதை எப்போது செய்ய வேண்டும்

வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ, நாள் தள்ளிப்போனதும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "45 நாள் ஆகட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கலாம்." கண் படும் என்ற பயம், ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்ற தயக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. டாக்டரிடம் சொல்லாமல் இருப்பதால்தான் இழப்பு.

கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாள் மார்ச் 3 என்று வையுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை விலக்கு வருபவர் என்றால் மார்ச் 17 வாக்கில் கருமுட்டை வெளிவந்து, கருக்குழாயில் விந்தணுவோடு சேர்ந்து கரு உருவாகிறது. அது செல் செல்லாகப் பிரிந்துகொண்டே நகர்ந்து, ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கருப்பையின் சுவரில் பதிகிறது. மார்ச் 31 அன்று வரவேண்டிய விலக்கு வரவில்லை. அதற்குள் கருவுக்கு இரண்டு வார வயது. மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கரு உண்டான நான்காவது வாரக் கடைசியில், அதாவது ஏப்ரல் 14 வாக்கில் மூடிக்கொள்கிறது. இதயம் அதற்குச் சில நாள் முன்பே துடிக்கத் தொடங்கியிருக்கும். விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் நம் 45 நாள் கணக்கு முடிவதோ ஏப்ரல் 17. டாக்டரிடம் போகும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும்.

நரம்புக்குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்தோ, மண்டையோடு உருவாகாமலோ குழந்தை பிறக்கலாம். இந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்கும் மருந்து ஃபோலிக் ஆசிட் மாத்திரை. தினம் 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் நாள் தள்ளிய பிறகு தொடங்குவது தாமதம். பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்த மாதமே தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை விடாமல் போட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துத் தருவார்கள். அது 400 மைக்ரோகிராமைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முன்பு இப்படி ஒரு குறையோடு குழந்தை உண்டானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கே டாக்டர் பார்த்து அதை எழுதுவார். மற்றவர்கள் அட்டையில் இருக்கும் அளவைப் படித்து வாங்குங்கள்.

பதிவும் முதல் ஸ்கேனும்

இனி பிரசவம் வரை வரும் வாரக் கணக்கெல்லாம் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து. பிரசவத் தேதி தெரிய, அந்த நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். மார்ச் 3 என்றால் டிசம்பர் 10. விலக்கு முன்பின்னாக வருபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதியே சரி. பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் தேதி முன்னும் பின்னும் மாறினாலும் முதல் தேதியை மாற்றக் கூடாது.

ஐந்தாவது வாரத்திலேயே ஸ்கேனுக்கு ஓடி, "துடிப்பு தெரியலை" என்று கேட்டு வீடே அழுவது அடிக்கடி நடக்கிறது. கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிவந்திருந்தால் கரு இன்னும் அந்த வளர்ச்சிக்கே வந்திருக்காது. ரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ இல்லையென்றால், டாக்டர் சொல்லும் நாளில் இன்னொரு ஸ்கேன் பார்க்காமல் கலைப்பு மாத்திரை எதற்கும் சம்மதிக்காதீர்கள். வலியோடு மயக்கமும் வந்தால் கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம். அன்றைக்கே 108.

பன்னிரண்டு வாரத்துக்குள் உங்கள் பகுதி மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிரசவம் தனியாரில் பார்ப்பதாக இருந்தாலும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பரைக் கேட்பார்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் அடிப்படை. ரத்த வகை, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, எச்ஐவி, சிறுநீர் எல்லாம் இந்தப் பதிவோடு பார்த்துவிடுவார்கள்.

பதினோராம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் தொடங்குவதற்குள் கழுத்துப் பின்புற நீரளவு பார்க்கும் ஸ்கேன். 18 முதல் 20 வாரத்துக்குள், உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். "வளைகாப்பு முடியட்டும்" என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஏதாவது பெரிய குறை தெரிந்தால் மறு ஸ்கேன், மரபணுச் சோதனை, குடும்பத்தின் முடிவு எல்லாவற்றுக்கும் வாரங்கள் தேவை. கருக்கலைப்புச் சட்டத்தில் 24 வாரம் என்பது ஒரு முக்கியக் கோடு, அதற்குப் பிறகு மருத்துவ வாரியம்தான் முடிவெடுக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேனிலும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

மாத்திரையும் மீனும்

நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். கூடவே 500 மில்லிகிராம் கால்சியம் தினம் இரண்டு. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயும் அப்படித்தான். காலையில் டீயோடு இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டு, "ரத்தமே ஏறலை" என்பவர்கள் பலர். கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பை இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு. குமட்டலும் இரவில் குறைவு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிற்காது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீன் பெரிய வரம். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அதில் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடலாம். ஆனால் எந்த மீன் என்பது முக்கியம். கடலில் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகிறது. அது நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளையின் நரம்பைத் தாக்கும். அதனால் நெத்திலி, மத்தி, காரப்பொடி, கானாங்கெளுத்தி நல்லது, விலையும் குறைவு. பெரிய வஞ்சிரத் துண்டு வேண்டாம். சுறா கண்டிப்பாக வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். அதை நெத்திலிப் புட்டாக மாற்றுங்கள், கைப்பக்குவம் அப்படியே இருக்கட்டும். பால் ஊறுவது மார்பு எத்தனை தடவை காலியாகிறது என்பதைப் பொறுத்தது, எந்த மீன் என்பதைப் பொறுத்ததல்ல. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைப் பக்கம் போனால் பச்சைக் கோஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சர்க்கரைச் சோதனை முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரத்திலும். 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கலக்கி ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்க வேண்டும், சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறு தேவையில்லை. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய அளவு கணக்கில்லை, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். சொல்லாமல் விட்டால் சர்க்கரை இல்லை என்று தப்பாக வரும்.

முதல் பிரசவக்காரர்களுக்கு 18, 20 வாரத்தில் அசைவு தெரியும். 28 வாரத்துக்குப் பிறகு அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் ஏதாவது சாப்பிட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைகள் ராத்திரியும் திறந்திருக்கும். விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், பிபி 140/90 தாண்டுவது, ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைவது ஆகியவற்றுக்கும் அதே அவசரம்தான்.

பிறந்த முதல் பத்து நாள்

நுரையீரல் தேறுவது கடைசியில்தான், 35 வாரம் வாக்கில். நட்சத்திரம் பார்த்து 37 வாரத்தில் சிசேரியனுக்குத் தேதி குறித்தால் மூச்சுத் திணறலோடு பிள்ளை இன்குபேட்டருக்குப் போக நேரலாம். மருத்துவக் காரணம் இல்லாதவரை 39 வாரத்துக்கு முன் வேண்டாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை, கழுதைப்பால், சுட்ட வசம்பு எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தொப்புள்கொடியில் ஒன்றும் தடவாமல் உலரவிடுங்கள், தானாக விழும்.

மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை நான்காம் நாள் 2.8 கிலோ ஆவது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலும் பால் போகவில்லை என்று பொருள். வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி, ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று பார்ப்பது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை ஊட்டுங்கள். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலிக்கும், பிள்ளைக்குப் பால் வராது. வாயை அகலத் திறக்கவிட்டு, கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகும்படி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காமாலை பிறந்த முதல் நாளே தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. வெயிலில் காட்டினால் போகும் என்று உட்கார்ந்திருந்தால் மூளையைத் தாக்கிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் காது கேட்கும் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டியவர்கள் வீட்டில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது. மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்து ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்தினால் பேச்சு பெரும்பாலும் வந்துவிடும்.

தடுப்பூசிகள் பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரம், 9 மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு முறை. தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

ஆறாம் மாதம்

வயிற்றிலிருந்தபோது சேர்த்துவைத்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் அப்போது திட உணவு. இங்கே நடக்கும் பெரிய தவறு, கஞ்சியைத் தண்ணீராக்கிப் பாட்டிலில் ஊற்றுவது. ஏழு கிலோ பிள்ளையின் வயிறு 200 மில்லிதான் பிடிக்கும். நீர்க்கஞ்சி அதை நிரப்பிவிடும், சத்து ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். குழைந்த சோறு, பருப்பு, மசித்த கேரட், அரை ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய். முதலில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன், தினம் இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் கால் லிட்டர் கிண்ணத்தில் பாதி. ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, ஒரு வயதில் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம். தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடரட்டும். முட்டை மஞ்சள் கரு, முள்ளெடுத்த மீன், ஈரல் எல்லாம் ஆறு மாதம் முடிந்ததுமே கொடுக்கலாம், ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். பால்வாடி சத்துமாவைக் கொழுக்கட்டையாக்கி வீட்டார் தின்று தீர்க்காமல், கெட்டிக் கூழாகப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரும்பு சிரப் 1 மில்லி, வாரம் இரண்டு முறை, ஐந்து வயது வரை. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறவைத்ததுதான்.

ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. எடையும் தடுப்பூசியும் குறிக்கும் அட்டையில் உங்கள் பிள்ளையின் எடைக் கோடு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மாதம் தட்டையாக நின்றால் நர்ஸிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் புஜச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. பால்வாடியில் அதற்கான டேப் இருக்கும்.

நடையும் பேச்சும்

ஒரே அறை வீட்டில் பிள்ளை தூளியிலும் இடுப்பிலுமே வளர்கிறது. கழுத்தும் முதுகும் பலப்பட, முழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போடுங்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கி தினம் இரண்டு மூன்று தடவை. தூங்கும்போது மல்லாத்தித்தான். வாக்கர் வாங்கும் காசு வீண், அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, வாசல்படியில் கவிழ்க்கும்.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, நான்கில் தலை நிற்பது, ஒன்பதுக்குள் தானாக உட்காருவது, 18க்குள் நடப்பது. தவழாமலே நேராக நிற்கும் பிள்ளைகளும் உண்டு, அது குறையல்ல. குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, முதலில் குறித்திருந்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

பேச்சில்தான் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வருடத்தைத் தொலைக்கிறோம். ஒரு வயதில் மழலையோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காது சோதனை, அடுத்து குழந்தை வளர்ச்சி மருத்துவர். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு நர்ஸ் சீட்டு எழுதித் தருவார். இரண்டு வயது வரை செல்போன் கையில் வேண்டாம், அதன்பிறகும் ஒரு மணி நேரம்தான். சோறூட்ட போன் காட்டினால் பசி எப்போது தீர்ந்தது என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பெயர் சொல்லிப் பேசுங்கள், அது திரும்பக் குரல் கொடுக்கும்வரை நிறுத்திக் காத்திருங்கள்.

இரண்டு வயதானதும் பால்வாடியில் சேர்க்கலாம். வேர்க்கடலை, முழு திராட்சை ஆகியவற்றை நசுக்காமல் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயது ஆனதும் பூஸ்டர் ஊசி ஒன்று பாக்கி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு முன் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள்.